சிரசாசனத்தில் தெரிந்த ஜோதி

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதில் என் உடம்புக்கு ஓய்வு கிடைத்தது. காதுக்குக் கிடைக்கவில்லை. காலையில் வாசல் தெளித்து முடிப்பதற்குள் செல்போன் அடிக்கும். எடுத்தால் முதலில் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்கும். பிறகுதான் குரல் வரும். "டீச்சர், பாதி வளைஞ்சாப்புல நிக்கிறேன். இன்னும் கீழ போகணுமா, எந்திரிக்கணுமா?" வளைவதற்கு முன்னால் கேட்க வேண்டியதை வளைந்த பிறகு கேட்பதற்குப் பெயர்தான் இப்போது வீட்டு யோகா.

ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்திருக்கிற நித்யா நல்ல பிள்ளை. போன மாதம் வீட்டுக்கு வந்து, வீட்டில் யோகா செய்கிறவர்கள் என்னென்ன கேட்பார்கள், எதிலெல்லாம் தடுமாறுவார்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னாள். பதில்களைத் தயார் செய்து வைத்துக்கொள்ளப் போகிறாளாம். இந்தத் தொழிலில் பதில் எப்போதும் தயாராகத்தான் இருக்கும். கேள்விதான் வேறொரு கேள்வியின் சேலையைக் கட்டிக்கொண்டு வரும். இதைச் சொன்னால் அந்தப் பிள்ளைக்குப் புரியாது. அதனால் நடந்ததை எழுதுகிறேன்.

நான் பாளையம்பட்டிக்காரி. அருப்புக்கோட்டையில் ஒரு டிரஸ்ட் நடத்திய ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளராகச் சேர்ந்தேன். யோகா பிரிவு திறக்கலாம் என்று நிர்வாகத்துக்கு ஒரு நாள் ஞானம் பிறந்தது. யாரையாவது படிக்க அனுப்ப வேண்டும். நர்சுகளை அனுப்பினால் வேலை நின்றுபோகும், என்னை அனுப்பினால் ஒன்றும் நிற்காது என்று கண்டுபிடித்து, மதுரைக்குப் பட்டயப் படிப்புக்கு அனுப்பி வைத்தார்கள். அங்கே முதுகை வில்லாக வளைக்கக் கற்றுக்கொண்டேன். திரும்பி வந்து பணியாற்றிய காலம் முழுவதும் அப்படி வளையும்படி ஒரு நோயாளிகூட என்னைக் கேட்கவில்லை. என் படிப்பைப் பற்றி அவ்வளவுதான் சொல்ல முடியும்.

தொழிலைக் கற்றுக்கொடுத்தது டாக்டர் கோமதி. யோகா பிரிவுக்கு அவர்தான் மருத்துவர். ஒல்லியான, சின்ன உருவம். குரல் அதைவிடச் சின்னது. அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் தன் பேச்சை நிறுத்தியாக வேண்டும். பாதி வைத்தியம் அதிலேயே நடந்துவிடும். யாரிடமும் எதையும் செய்யாதே என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "செஞ்சு காட்டுங்க" என்பார். நோயாளி செய்து காட்டுவார். டாக்டரம்மா கையையும் காலையும் பார்க்க மாட்டார். தொண்டையைப் பார்ப்பார், கால் கட்டைவிரலைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். எல்லாம் முடிந்ததும், "இதை வீட்டுல எந்த எடத்துல வச்சுச் செய்வீங்க?" என்று கேட்பார்.

ஹாலில் என்பார்கள். ஹாலில் எங்கே? டிவிக்கு முன்னால். அந்த நேரத்தில் டிவி யார் பார்ப்பார்கள்? மாமியார். மாமியார் எங்கே உட்காருவார்? நான் பாய் விரிக்கிற இடத்தில். இப்படி நாலைந்து கேள்வியில், அந்த வீட்டில் மிளகாய் மூட்டைக்கும் இடம் உண்டு, பழைய கிரைண்டருக்கும் இடம் உண்டு, அந்தப் பெண் நீட்டிப் படுக்க மட்டும் இடம் இல்லை என்பது தெரிந்துவிடும்.

டாக்டரம்மா கற்றுக்கொடுக்கச் சொன்ன முதல் பாடம் ஆசனமே இல்லை. தரையில் படுத்திருப்பவர் எழுந்து நிற்பது. முழங்காலை மடக்கு. ஒரு பக்கமாகப் புரள். கீழே இருக்கிற கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்துச் சற்று கிட. மேல் கையைத் தரையில் ஊன்றி உட்கார். தலை கடைசியாக மேலே வரட்டும். உட்கார்ந்ததும் எழாதே, இரு. கண் தெளிந்ததா? இப்போது ஒரு காலை ஊன்று. முழங்கால் வலிக்காரர் என்றால் பக்கத்தில் நாற்காலி, அதுவும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். வந்தவர்களுக்கு முகம் சுண்டிப்போகும். பந்தல்குடியிலிருந்து வந்த ஒரு பெரியவர், படுத்து எந்திரிக்கவா பஸ்ஸு ஏறி வந்தேன் என்று கேட்டே விட்டார். டாக்டரம்மா அவரையும் செய்து காட்டச் சொன்னார். பெரியவர் வீராப்பாக விருட்டென்று எழுந்தார். எழுந்த வேகத்தில் கண் இருட்டி, என் தோளைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரமும் வந்தார். கேள்வி கேட்கவில்லை.

வீட்டில் செய்கிறவர்கள் முதலில் கேட்பது திசை. எந்தத் திசையைப் பார்த்து உட்கார வேண்டும்? பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு பெண் இதைக் கேட்டார். அவர் வீட்டில் பாய் விரிக்கக் கிடைத்த ஒரே இடம் மாடிப்படிக்கும் அடுப்படிக்கும் நடுவில். அவர் புஜங்காசனத்தில் நிமிர்ந்திருக்கும்போது மாமனார் அவரைத் தாண்டிப் போய்ப் பேப்பர் எடுத்தாராம். திரும்பியும் தாண்டித்தான் வந்தாராம். கிழக்கா, வடக்கா என்று கேட்டவரிடம் டாக்டரம்மா, "ஆளுக நடக்காத தெசை எதுவோ அது" என்றார். எந்தச் சாஸ்திரத்திலும் இதைவிடச் சரியான பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நேரம். விடிவதற்கு முன் செய்வதுதான் உத்தமம் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எங்கள் பக்கம் தண்ணீர் வருவதும் அந்த நேரத்தில்தான். குழாயில் தண்ணீர் வருகிற அன்றைக்கு, யோகத்தை உண்டாக்கிய முனிவரே இந்த ஊரில் குடியிருந்தாலும் குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பித்தான் ஆக வேண்டும். பிறகு பாய். யோகா அந்தப் பாய்க்குள் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தினமும் செய்கிறீர்களா என்று கேட்டால், பாய் வாங்கிவிட்டோம் என்று பதில் வரும். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் அந்தப் பாய் ஒரு பக்கம் போகும், ஆள் ஒரு பக்கம் போவார். பழைய ஜமுக்காளம் போதும் என்று சொன்னால் என் படிப்பின் மேலேயே சந்தேகம் வந்துவிடும்.

வலி பற்றிச் சொல்லவே வேண்டாம். கரிசல் காட்டில் குனிந்து நிமிர்ந்த சனத்துக்கு, வலிக்காத எதுவும் வேலை செய்யாது என்று ஒரு நம்பிக்கை. ஊசி வலிக்கவில்லை என்றால் டாக்டரை மாற்றிவிடுவார்கள். "வலிக்குதா?" என்று நான் கவலையோடு கேட்பேன். "நல்லா வலிக்குது டீச்சர்" என்று மார்க்கு வாங்கிய பிள்ளை மாதிரி சிரிப்பார்கள்.

செல்போன் வந்தபிறகு இது எல்லாவற்றுக்கும் ஒரு குரு கிடைத்துவிட்டார். ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் கழுத்துப் பிடிப்போடு வந்தார். வீடியோவில் பார்த்துச் செய்தாராம். குப்புறப் படுத்துத் தலையைத் தூக்கியிருக்கும்போது விளம்பரம் வந்துவிட்டது. குரு சொல்லாமல் எப்படி இறக்குவது? சிமெண்டு விளம்பரமும் அதற்கடுத்த பற்பசை விளம்பரமும் முடியும்வரை தலையைத் தூக்கியபடியே கிடந்திருக்கிறார். குருபக்தி என்றால் இதுதான்.

இவை எல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியவை. சிரிக்க முடியாத ஒன்றைச் சொல்கிறேன்.

பஞ்சவர்ணம் என்கிற அம்மா திருச்சுழிக்குப் போகிற வழியில் ஒரு கிராமத்திலிருந்து வந்திருந்தார். சொந்த நிலத்தில் பருத்தியும் மிளகாயும் போடுகிற குடும்பம். சித்திரை வெயில். முழங்கால் வலி என்று சீட்டு வாங்கி என் முன்னால் உட்கார்ந்தவர், முழங்காலைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிக் கேட்டார். தலைகீழாக நிற்பது நல்லதா? தினமும் நிற்கலாமா? சுகர் இருக்கிறவர்கள் நிற்கலாமா? முழங்கால் வலிக்காரர் சிரசாசனத்தில் இவ்வளவு அக்கறை காட்டுவதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. கடைசியாக, "தலகீழா நின்னா சாமி தெரியுமா டீச்சர்?" என்றார்.

"ரத்தம் தலைக்கு ஏறுனா சாமி மட்டுமில்ல, போன சென்மமே தெரியும்" என்றேன்.

அந்தம்மா சிரிக்கவில்லை. உள் அறையிலிருந்து டாக்டரம்மாவின் குரல் வந்தது. "யாருக்குத் தெரியுது?"

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. தெரிவது அவர் கணவர் வேலுச்சாமிக்கு. அவருக்குச் சர்க்கரை நோய் வந்து வெகு காலம் ஆகிறது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ செல்போனில் வீடியோ காட்டியிருக்கிறார்கள். அதிலிருந்து பிடித்துக்கொண்டார். ஹாலில் இருந்த பீரோவை நகர்த்திச் சுவரைக் காலி செய்து, காலைதோறும் அதில் காலைச் சாய்த்துத் தலைகீழாக நின்றார். கொஞ்ச நாளில் சுவரும் வேண்டியிருக்கவில்லை. ஊரில் பேச்சாயிற்று. பார்க்க ஆட்கள் வந்தார்கள். இரண்டு இளவட்டங்கள் சிஷ்யர்களாகச் சேர்ந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டது பஞ்சவர்ணம். தலைகீழாக நிற்கிற உடம்புக்கு மாத்திரை எதற்கு என்று ஒரு நாள் சர்க்கரை மாத்திரைகளை எல்லாம் ஆட்டுக்கொட்டகைக்குப் பின்னால் எறிந்துவிட்டார் வேலுச்சாமி.

பிறகு அவருக்கு ஜோதி தெரிய ஆரம்பித்தது. பஞ்சவர்ணம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொதல்ல ஓரத்துல மின்னல் வெட்டுனாப்புல இருந்துச்சாம். ஜோதின்னாக. பொறவு கருப்பு கருப்பா நூலு மெதக்குதுன்னாக, சிலந்தி வலை கணக்கா. என்னங்க இதுன்னு கேட்டேன். மாயை அறுந்து விழுகுதுடின்னு சொல்றாக."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். அவர் பேனாவை மூடினால் விளையாட்டு இல்லை என்று எனக்குத் தெரியும். நூல் இப்போது அதிகமாகியிருக்கிறதா என்று கேட்டார். அதை அவர் சொல்ல மாட்டார் என்றார் பஞ்சவர்ணம். ஆனால் இவர் கவனித்திருக்கிறார். வலப்பக்கம் இருக்கிற தண்ணீர்ச் செம்பை எடுக்கிறார். இடப்பக்கம் வைத்தால் தடவுகிறார்.

சர்க்கரை நோய் முற்றினால் கண்ணுக்குள்ளே ரத்தக் குழாய்கள் பழுதாகி ரத்தம் கசியும். அந்த ரத்தம்தான் நூலாக மிதக்கும். உள்திரை இழுபடும்போது மின்னல் வெட்டும். இந்த நிலையில் தலைகீழாக நின்றால் கண்ணில் அழுத்தம் ஏறும். ஓட்டை விழுந்த தொட்டியில் மோட்டாரைப் போட்ட கதை. இதை டாக்டரம்மா நிதானமாகச் சொன்னபோது பஞ்சவர்ணம் ஒரு கேள்விதான் கேட்டார். ஒரு கண்ணா, ரெண்டு கண்ணுமா? பார்த்தால்தான் தெரியும், இன்றே மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் போனால் நல்லது என்றார் டாக்டரம்மா.

வேலுச்சாமி போக மாட்டார். ஆஸ்பத்திரி என்ற பேச்சை எடுத்தாலே, நோயாளிகளுக்குத்தான் ஆஸ்பத்திரி என்பாராம். டாக்டரம்மா யோசித்தார். "அப்ப இங்க வரச் சொல்லுங்க. அவர் நிக்கிறதைப் பாக்கணும்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க. செஞ்சு காட்டட்டும்." அதுவரைக்கும் தலைகீழாக நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பஞ்சவர்ணம் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காலையில வீட்டுல நின்னுட்டா அங்க வந்து நிக்கத் தெம்பு பத்தாதுன்னு சொல்லிக்கிறேன்" என்றார். நான் யோகா படித்தவள். அந்தம்மா மனுசனைப் படித்தவர்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இருவரும் வந்துவிட்டார்கள். வேலுச்சாமி இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, வேட்டி, நெற்றி நிறைய விபூதி. நோயாளிகள் பெஞ்சில் அவர் உட்காரவில்லை. விருந்தாளி மாதிரி நடுவில் நின்றார். டாக்டரம்மா எழுந்து வணக்கம் சொன்னார். அது போதும், வேலுச்சாமி ஆரம்பித்துவிட்டார். ரத்த ஓட்டம், குண்டலினி, இங்கிலீஷ் மருந்துக் கம்பெனிகளின் சதி எல்லாம் வரிசையாக வந்தன. "நம்ம திருச்சுழி மண்ணுல ஏற்கெனவே ஒரு மகான் பொறந்திருக்காரு டாக்டரம்மா. இந்த மண்ணுக்கு அது உண்டு" என்றார். இந்த மண்ணில் சீமைக்கருவேலமும்தான் முளைக்கிறது என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. டாக்டரம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தார். விழுங்கிக்கொண்டேன்.

அவர் பேசி முடிக்கும்வரை டாக்டரம்மா குறுக்கிடவில்லை. பேச்சு தானாக வற்றியதும், "செஞ்சு காட்டுறதுக்கு முன்னால எல்லாருக்கும் பாக்குறதை உங்களுக்கும் பாத்துருவோம்" என்றார். எல்லோருக்கும் என்ற சொல்லில் வேலுச்சாமிக்குச் சற்று மனக்குறைதான். இருந்தாலும் கையை நீட்டினார். ரத்த அழுத்தம் பார்த்தேன். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்த்தேன். மெஷினில் வந்த எண்ணை டாக்டரம்மா வாசிக்கவில்லை. மெஷினை அவர் பக்கம் திருப்பி மேசைமேல் வைத்தார். வேலுச்சாமி அதைப் பார்த்துவிட்டு, வரும் வழியில் டீ குடித்ததால் இருக்கும் என்றார். எத்தனை அண்டா டீ என்று நான் கேட்கவில்லை.

பிறகு கண். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் எழுதியிருப்பதை வாசிக்கச் சொன்னார் டாக்டரம்மா. "இங்கு எச்சில் துப்பாதீர்" என்று கணீரென்று வாசித்தார் வேலுச்சாமி. வாசித்த மிடுக்கைக் கேட்டால் ஏதோ மந்திரம் என்றே தோன்றும்.

"இப்ப வலது கண்ண மூடிக்கோங்க."

மூடினார். டாக்டரம்மா காத்திருந்தார். அவருக்குக் காத்திருக்கத் தெரியும். வேலுச்சாமி தலையைச் சற்று இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். "எழுத்து மங்கிப் போச்சு. பெயிண்டு அடிக்கச் சொல்லுங்க" என்றார்.

"எழுத்து வேணாம். சொவரு தெரியுதா?"

வேலுச்சாமி கையை எடுத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஆசனம் செய்து காட்டத் தயார் என்றார். அவர் விரிப்பை நோக்கிப் போனபோது பஞ்சவர்ணம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"போன வாரம் காப்பிய டம்ளருக்கு வெளிய ஊத்துனீக. நாந்தான் தொடச்சேன். முந்தாநேத்து தெனாவட்டா வரப்புல போயிக் கால் தடுக்கி விழுந்தீக. ஆடு முட்டிருச்சுன்னு சொன்னீக. அன்னைக்கு ஆடெல்லாம் கொட்டகையில கெடந்துச்சு."

"சும்மா இரு. டாக்டரம்மா முன்னால என்ன பேச்சு?" என்றார் வேலுச்சாமி. ஆனால் விரிப்பின்மேல் கால் வைக்கவில்லை.

டாக்டரம்மா அவரை உட்காரவைத்து, என்ன நடக்கிறது என்று சொன்னார். மிதப்பது மாயை இல்லை, ரத்தம். மின்னுவது ஜோதி இல்லை, கண்ணின் உள்திரை இழுபடுவது. இதை இதைவிட மெதுவாக யாராலும் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த மனிதரின் முகம் போன போக்கைப் பார்த்தபோது, நான் விழுங்கி வைத்திருந்த கிண்டல் அப்படியே செரித்துப்போயிற்று. ஒரு மனிதரிடமிருந்து மாத்திரையைப் பறிப்பது சுலபம். கடவுளைப் பறிப்பது சுலபமில்லை. அவர் கேட்டது கண்ணைப் பற்றியே இல்லை.

"ஊருல நான் என்னன்னு சொல்லுவேன்?"

இதுதான் அவருடைய கேள்வி. கண் போவது இரண்டாம் பட்சம். ஜோதி கண்டவர் என்று இத்தனை நாள் வணங்கிய ஊர், சீக்குக்காரர் என்று சொல்லிவிடுமே.

"ஊருக்கு நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார் டாக்டரம்மா. "மதுரைக்குச் சீட்டு எழுதித் தாரேன். அவங்க பாத்துச் சொல்லட்டும்."

சீட்டை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டார் வேலுச்சாமி. மிளகாய் பறிக்கிற வேலை கிடக்கிறது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று எழுந்தார். அடுத்த வாரம் என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவருக்கும் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. வராந்தாவில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அத்தனை பேர் நடுவில் பஞ்சவர்ணம் கணவரின் கையைப் பிடித்தார். எங்கள் ஊர்களில் அந்த வயதில் யாரும் அப்படிச் செய்வதில்லை. அவர் உதறப் பார்த்தார். விடவில்லை.

"நாளைக்குக் கண்ணு போயிருச்சுன்னா கையப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகப்போறது நாந்தான். அத இன்னைக்கே பிடிச்சுக்கிறேன். வாங்க, மதுர பஸ்ஸு நிக்கிது."

அப்போதுதான் பஞ்சவர்ணத்தின் காலடியில் இருந்த ஒயர்கூடையைக் கவனித்தேன். மாற்று வேட்டி, துண்டு, ஒரு சேலை, டிபன் டப்பா எல்லாம் இருந்தன. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அந்தம்மா மதுரைக்குத்தான் கிளம்பியிருக்கிறார். நாங்கள் நடுவில் ஒரு ஸ்டாப்பிங், அவ்வளவுதான்.

மதுரையில் கண்ணைப் பார்த்தவர்கள் அவருடைய ஞானத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லையாம். மாத்திரையை எப்போது நிறுத்தினீர்கள் என்று மட்டும் கேட்டார்களாம். இடது கண்ணுக்கு அறுவைச் சிகிச்சை நடந்தது. தாமதமாகிவிட்டது. ஆள் வருவது தெரியும், யார் என்று தெரியாது, அந்த அளவுக்குத்தான் மிஞ்சியது. வலது கண்ணிலும் கசிவு ஆரம்பித்திருந்தது. அதை லேசர் வைத்து நிறுத்தினார்கள். பார்வை பிழைத்தது. சர்க்கரைக்கு மாத்திரையோடு ஊசியும் சேர்ந்தது.

ஊருக்கு என்ன சொல்வது என்ற கவலையும் வீண்தான். அதற்கு வேலுச்சாமியே வழி கண்டுபிடித்துவிட்டார். ஏன் இப்போது தலைகீழாக நிற்பதில்லை என்று கேட்டவர்களிடம், அதெல்லாம் ஆரம்பக் கட்டம், தாண்டிப் போயாச்சு என்றாராம். ஊரும் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டது. சிஷ்யர்கள் இருவரும் அன்றே குருவைப் பின்பற்றி ஆரம்பக் கட்டத்தைத் தாண்டினார்கள். அதில் ஒருவனுக்கு அதற்குள் கழுத்து திரும்பாமல் போயிருந்தது. நிம்மதியாகத் தாண்டியிருப்பான்.

சில மாதம் கழித்து, கண் டாக்டர் சம்மதம் தந்தபிறகு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் வகுப்புக்கு வந்தார் வேலுச்சாமி. இந்த முறை பெஞ்சில் உட்கார்ந்தார். தலை கீழே போகிற எந்த ஆசனமும் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை உந்தி வேகமாக மூச்சு விடக் கூடாது, கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப மிச்சம் என்ன டீச்சரம்மா இருக்கு?" என்றார். பழைய மிடுக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். டாக்டரம்மா பதில் சொன்னார். "மூச்சு இருக்குல்ல, அத வச்சு ஆரம்பிப்போம்." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாதாரணமாக மூச்சை உள்ளே இழுத்து வெளியே விட வேண்டும். தலைகீழாக நிற்கத் தெரிந்தவருக்கு நேராக உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றைக்குப் பார்த்தேன்.

இவ்வளவிலும் பஞ்சவர்ணத்தின் முழங்காலை எல்லோரும் மறந்துவிட்டோம். டாக்டரம்மாதான் ஒரு நாள், "உங்க முழங்கால் என்னாச்சு?" என்று கேட்டார். அது அப்படியே கெடக்கு என்றார் அந்தம்மா, வீட்டு மூலையில் கிடக்கிற சாமானைப் பற்றிச் சொல்வதுபோல. துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்துவது, காலை மெதுவாக நீட்டுவது, முடிந்ததும் கையையும் காலையும் தளர்த்திப் போட்டுச் சவாசனத்தில் படுத்திருப்பது. இவ்வளவுதான் கற்றுக்கொடுத்தேன். வீட்டில் தினமும் செய்யச் சொன்னேன்.

அடுத்த முறை வந்தபோது, செய்தீர்களா என்று கேட்டேன். இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. இடமில்லையா என்றால் இடம் இருக்கிறது, பீரோ நகர்த்திய சுவரோரம் காலியாகத்தான் கிடக்கிறது. நேரமில்லையா என்றால் மத்தியானம் சற்று நேரம் கிடைக்கிறது. பிறகு என்ன?

"படுத்தா, என்னா, மேலுக்குச் சொகமில்லையான்னு கேக்காக டீச்சர். வாரவுக போறவுக எல்லாம் கேக்காக. பகல்ல பொம்பள படுத்தா சீக்குன்னுதான அர்த்தம். பதில் சொல்றதுக்கு எந்திரிச்சே போயிரலாம்."

வேலுச்சாமி அதே ஹாலில் தலைகீழாக நின்றபோது ஊரே வந்து கையெடுத்துக் கும்பிட்டது. இந்தம்மா நேராகப் படுத்தால் வைத்தியரைக் கூப்பிடுகிறது. நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் டாக்டரம்மா, "அப்ப இங்க வந்து படுங்க" என்றார். வேலுச்சாமி வகுப்புக்கு வருகிற நாளில் பஞ்சவர்ணமும் ஒரு விரிப்பில் படுப்பது என்று ஆயிற்று. முதல் சில வாரம் அவருக்குக் கண்ணை மூடவே வரவில்லை. படுத்தபடி, மிளகாய் காய்கிறது, மேகம் கூடினால் யார் அள்ளுவார்கள் என்று என்னிடம் பேசிக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் வகுப்பு முடிந்து எல்லோரும் எழுந்து விரிப்பைச் சுருட்டினார்கள். சொல்லிக்கொடுத்தபடி பக்கவாட்டில் புரண்டு, உட்கார்ந்து, நின்று, செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார்கள். பஞ்சவர்ணம் எழவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. குறட்டை என்று சொல்ல முடியாது, சன்னமான ஒரு சத்தம். சேலைத் தலைப்பு ஒரு பக்கம் கிடந்தது. ஒரு கை உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது.

எழுப்பலாம் என்று பக்கத்தில் போனேன். வாசலில் நின்றிருந்த வேலுச்சாமி வேண்டாம் என்று கையைக் காட்டினார். வெளியே திருச்சுழி பஸ் ஆரன் அடித்தது. அதை விட்டால் அடுத்ததற்கு வெயில் தாழ வேண்டும். நான் மெதுவான குரலில் பஸ்ஸைச் சொன்னேன்.

"போகட்டும் டீச்சரம்மா." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கறுப்புக் கண்ணாடியை எடுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மனைவிக்கு இடப்பக்கமாகப் போய்த் தரையில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால்தான் அவருடைய நல்ல கண்ணுக்கு அந்த முகம் நேராகத் தெரியும்.

"கல்யாணமாகி இம்புட்டு வருசத்துல இவ தூங்கி நான் பாத்ததில்ல" என்றார்.

நான் போய் மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டேன்.